தேடற்பெட்டி சொன்ன ‘இல்லை’

நம் கல்லூரி மலரின் பழைய தொகுதிகள் சில ஆண்டுகளாக வலைத்தளத்தில் ஏற்றப்பட்டு வருவதை அன்பர்கள் அறிவார்கள். மாணவர் பலர் விடுமுறை நாட்களிலும் நூல்நிலையத்தில் அமர்ந்து, பழுப்பேறிய தாள்களைப் பார்த்து எழுத்தடித்து, பிழை நோக்கி, ஒவ்வொரு கட்டுரையையும் தனித்தனிப் பதிவாகத் தரவுத்தளத்தில் சேர்த்தனர். அவற்றுள் வேண்டியதைத் தேடி எடுத்தற்பொருட்டுப் பழைய மாணவர் இருவர் ஒரு தேடற்பெட்டியும் அமைத்துத் தந்தனர். அந்தப் பெட்டி பலநாள் பொய் சொல்லிக்கொண்டிருந்தது என்பதை மலர்க்குழுவினராகிய நாம் அறியாதிருந்தோம். அறிந்த வரலாற்றையும், பொய்யின் காரணங்களையும், அவற்றை ஒவ்வொன்றாகக் கண்டு நீக்கிய முறையையும் ஈண்டுக் கூறப் புகுகின்றோம். இத்தகைய பெட்டிகளை அமைப்போரும் பயன்படுத்துவோரும் நம் மாணவருள் மிகப் பலராதலின், இது முற்றும் அயலான பொருளாகத் தோன்றாதென்று நம்புகின்றோம்.

எழுபது வயதைக் கடந்த பழைய மாணவர் ஒருவர் எமக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருடைய தந்தையாரும் நம் கல்லூரியிற் பயின்றவரே. ‘1946-ஆம் ஆண்டு மலரில் ஔவையாரைப் பற்றித் தாம் ஒரு கட்டுரை எழுதியதாக என் தந்தையார் அடிக்கடி கூறுவார். அவர் மறைந்து பல்லாண்டுகள் ஆயின. தங்கள் வலைத்தளத்தில் அக்கட்டுரையைத் தேடினேன். முடிவுகள் எவையும் இல்லை என்று வந்தது. வேறு வேறு சொற்களை இட்டுப் பார்த்தும் அவ்வாறே வந்தது. தந்தையார் சொன்னது நினைவுப் பிழைபோலும் என்று பேரர்களிடம் கூறிவிட்டேன். எனினும் ஒருமுறை தங்களைக் கேட்டுவிடலாம் என்று எழுதுகின்றேன்’ என்பது அக்கடிதத்தின் சாரம்.

கடிதத்தைப் படித்ததும் எமக்குச் சிறிது நடுக்கம் உண்டாயிற்று. பெட்டியின் சொல்லை நம்பி ஒரு மகன் தன் தந்தையின் சொல்லை ஐயுற்றிருக்கின்றார். ஆனால் பெட்டி சொல்லக்கூடியது உண்மையில் யாது? ‘இல்லை’ என்னும் விடை இருவகைப்படும். பொருளே உலகில் இல்லாமை ஒன்று. பொருள் இருந்தும் தேடினவனுக்கு அகப்படாமை மற்றொன்று. நூல்நிலையத்து ஏவலாளர் அலமாரிக்குச் சென்று திரும்பி, ‘ஐயா, கிடைக்கவில்லை’ என்பார். ‘அப்படியொரு நூல் எழுதப்படவேயில்லை’ என்று சொல்லமாட்டார். பொறிக்கு இந்த வேற்றுமை தெரியாது. இரண்டுக்கும் ஒரே சொற்றொடரையே அது காட்டும்.

ஆகவே முதற்கண் பொறியை விட்டுக் கீழறைக்குச் சென்றோம். 1946-ஆம் ஆண்டுத் தொகுதி தோற்கட்டுடன் அங்கே இருந்தது. தமிழ்ப் பகுதியின் நடுவில், ‘ஔவையாருஞ் சிறுவர் கல்வியும்’ என்னும் தலைப்பின்கீழ், அவர் தந்தையார் பெயருடன் கட்டுரை தெளிவாக அச்சாகியிருந்தது. இவ்வாறு தேடும் பொருள் உண்டென்பதை வேறொரு வழியால் உறுதி செய்துகொண்டு, பின்னரே பொறியின்மேற் குற்றம் தேடத் தொடங்குதல் வேண்டும். இதனைச் செய்யாது நிரலைத் திருத்தத் தொடங்குவோர், இல்லாத பொருளைத் தேடி இரவெல்லாம் விழித்திருக்க நேரும்.

அடுத்தபடி, அச்சில் உள்ளது தரவுத்தளத்திலும் உள்ளதா என்று நோக்கினோம். தேடற்பெட்டியின் வழியே செல்லாமல், நிர்வாகிகளுக்குரிய வாயிலால் உட்புகுந்து, 1946 என்ற ஆண்டின் பதிவுகளை வரிசையாக விரித்துப் பார்த்தோம். கட்டுரை அங்கும் இருந்தது. ‘வெளியிடப்பட்டது’ என்ற குறியும் அதற்கு இடப்பட்டிருந்தது. இக்குறியை நோக்கியதற்குக் காரணம் உண்டு. வலைத்தளத் தேடல்களுட் பெரும்பாலானவை வரைவாக நிற்கும் பதிவுகளைப் பொதுமக்களுக்குக் காட்டா. எழுதியவர் தம் திரையிற் காண்பதும் பிறர் காணாதிருப்பதும் இதனாலேயே பலகால் நிகழும். நம் பதிவுக்கு அக்குறை இல்லை. ஆகவே கேட்கப்படும் இடத்துக்கும் கிடைக்கும் இடத்துக்கும் நடுவில்தான் பழுது இருத்தல் வேண்டும்.

நடுவில் நிகழ்வது யாதென்று சிறிது விளக்குதல் நலம். வாசகர் பெட்டியில் ஒரு சொல்லை இட்டு அழுத்துகின்றார். அச்சொல் பைட்டுகளாக மாறிக் கம்பிவழி வந்து சேருகின்றது, யூ.டி.எப்.-8 என்னும் முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் ஆகும். வந்த சொல்லை நிரலானது முதலிலே துப்புரவு செய்கின்றது. பின்னர்ச் சொற்களைத் தனித்தனியே பிரித்து, எஸ்.கியூ.எல். என்னும் கேள்விமொழியில் ஒரு கேள்வியை இயற்றுகின்றது. ‘வெளியிடப்பட்ட பதிவுகளுள், தலைப்பிலேனும் உடலிலேனும் இச்சொற்கள் யாவும் உள்ளவற்றைத் தருக’ என்பது அக்கேள்வியின் பொருள். தரவுத்தளம் விடை தர, நிரல் அதனை வரிசைப்படுத்தித் திரைக்கு அனுப்புகின்றது. அடுத்து அதே சொல்லை எவரேனும் கேட்டால் விரைந்து தருதற்பொருட்டு விடையின் படியொன்றைத் தன்பால் வைத்துக்கொள்ளவும் செய்கின்றது. நூல்நிலையத்தில் வாசகர் சீட்டெழுதித் தர, எழுத்தர் அதனைப் படியெடுக்க, ஏவலாளர் அப்படியைக் கொண்டு அலமாரிக்குச் செல்வது போன்றதே இது. படியெடுப்பவர் பிழைபட எழுதினால், அலமாரியிலுள்ளவர் எத்துணை நேர்மையாகத் தேடினும் பயன் என்னை?

இனி, பெட்டியையே சோதித்தோம். நூல்நிலையத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்தில் இட்டோம். பக்கம் பக்கமாக விடைகள் வந்தன. ‘கல்லூரி’ என்று தமிழில் இட்டோம். ‘முடிவுகள் எவையும் இல்லை’ என்று வந்தது. கல்லூரி மலர்களில் ‘கல்லூரி’ என்னும் சொல் இல்லையாம்! இதைக் கண்டவுடன், பழுது ஔவையார் கட்டுரைக்கு மட்டும் உரியதன்று, தமிழ் முழுமைக்கும் உரியது என்பது வெளிப்பட்டது. கட்டாயம் கிடைத்தே தீரவேண்டிய ஒரு சொல்லை இட்டுப் பார்க்கும் இந்தச் சிறு சோதனையை, பெட்டி அமைத்த நாளிலேயே நாம் செய்திருக்கலாம். ஆங்கிலச் சொற்கள் இரண்டு மூன்றை இட்டுப் பார்த்து மகிழ்ந்து, கைதட்டி, தேநீர் அருந்திக் கலைந்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அப்பொழுது உடனிருந்த கணிதத்துறை இளைஞர் ஒருவர், கைக்கு வந்தபடி பல சொற்களை இட்டுக்கொண்டிருந்தவர், ‘இதோ ஒரு தமிழ்ச் சொல்லுக்கு விடை வருகின்றதே’ என்றார். அவர் இட்ட சொல் ‘பல’ என்பது. ‘சில’ என்று இட்டபோது ஒன்றும் வரவில்லை. பல வருகின்றது, சில வரவில்லை என்று சிரித்தோம். சிரித்தபடியே அவர் முகம் மாறிற்று. ‘பல’ என்பதில் கொம்போ, சுழியோ, காலோ, புள்ளியோ யாதும் இல்லை. ‘சில’ என்பதில் இகரக் குறி ஒன்று உண்டு. பழுதின் தலைமயிர் கைக்குச் சிக்கிவிட்டது.

உடனே, நிரல் இயற்றும் கேள்வியை அப்படியே திரையில் அச்சிட்டுக் காட்டுமாறு ஒரு வரி சேர்த்தோம். இந்தத் துறையில் நாம் கற்ற பாடங்களுள் தலையாயது இதுவே: நாம் கேட்டதாக நினைப்பதை அன்று, பொறி கேட்டதையே கண்ணாற் காணுதல் வேண்டும். ‘கல்லூரி’ என்று நாம் இட்டிருக்க, தரவுத்தளத்துக்குச் சென்ற சொல் ‘கலலர’ என்றிருந்தது. ‘தமிழ்’ என்பது ‘தமழ’ என்றும், ‘ஔவையார்’ என்பது ‘ஔவயர’ என்றும் சென்றிருந்தன. அத்தகைய சொற்கள் எந்த மலரிலும் இல்லாமையின், தரவுத்தளம் இல்லை என்றது முற்றும் மெய்யே. பொய் சொன்னவர் படியெடுத்த எழுத்தர்.

இதன் காரணத்தை அறியச் சிறிது இலக்கணமும் வேண்டும். நம்மவர்க்குக் ‘கி’ என்பது ஓரெழுத்து; உயிர்மெய். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வகுத்துள்ள யூனிகோடு முறையிலோ அது இரண்டு குறிகளின் சேர்க்கை: ககரத்துக்கு 2965, இகரக் குறிக்கு 3007. யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் எண்ணோடு ஓர் இனமும் கற்பிக்கின்றது. ககரம், அகரம் முதலியன ‘எழுத்து’ என்னும் இனம். கால், கொம்பு, இகரச் சுழி, புள்ளி முதலியனவோ ‘எழுத்து’ அல்ல. சார்ந்து நிற்கும் ‘அடையாளம்’ என்னும் வேறினம். நிரலின் துப்புரவு விதி என்ன சொல்லிற்றென்றால், ‘எழுத்து, எண், இடைவெளி ஆகிய மூன்றும் ஒழிந்த யாவற்றையும் நீக்குக’ என்றது. ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட விதி. மேற்கோட்குறியும் அரைப்புள்ளியும் போலத் தமிழின் கொம்பும் காலும் குப்பையாக எண்ணப்பட்டுக் கூட்டித் தள்ளப்பட்டன. விதியில் ‘அடையாளம்’ என்னும் நான்காம் இனத்தையும் சேர்த்தவுடன் இக்குறை நீங்கிற்று. ஒரு சிறு திருத்தம். சில எழுத்துகள் அளவே.

இந்தக் குழியில் விழுந்தவர் நம் நண்பர் இருவர் மட்டும் அல்லர். பைத்தான் மொழியோடு உடன்வரும் வடிவந்தேடும் தொகுதியில், ‘சொல்லெழுத்து’ என்பதைக் குறிக்கும் குறியீடு நம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகக் கொள்ளாது. ‘தமிழ்’ என்பதை அது ‘தம’, ‘ழ’ என்று இரு துண்டாக்கும். ஜாவாஸ்கிரிப்டில் அதே குறியீடு ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்கும். தமிழ்ச் சொல் முழுவதுமே மறைந்து வெற்றிடம் எஞ்சும். இம்மொழிகளைக் கற்கும் நம் மாணவர்கள் இதனைக் குறித்துக்கொள்வார்களாக.

துப்புரவு எதற்கு, அதனை அடியோடு ஒழித்துவிடலாகாதோ என்று கேட்பார் உளர். தீயோர் பெட்டியில் மேற்கோட்குறி முதலியவற்றை இட்டுக் கேள்வியின் அமைப்பையே மாற்றி, தரவுத்தளத்தைக் கொள்ளையிடுதல் கூடும் என்னும் அச்சத்தால் எழுந்ததே அது. அச்சம் நியாயமானது, மருந்துதான் தவறானது. கேள்வியின் அமைப்பை ஒருபாலும், வாசகர் இட்ட சொல்லை மற்றொருபாலுமாகத் தனித்தனியே தரவுத்தளத்துக்கு அனுப்பும் முறை நெடுங்காலமாக உண்டு. அவ்வாறு அனுப்பினால், வாசகர் எதனை இட்டாலும் அது சொல்லாகவே கொள்ளப்படும், கேள்வியின் பகுதியாகாது. நம் நிரலையும் அவ்வாறே மாற்றிக்கொண்டோம்.

திருத்தி முடித்து ‘கல்லூரி’ என்று இட்டோம். மீண்டும் ‘இல்லை’! அன்று மாலை எமக்கு உண்டான சோர்வை எழுதி மாளாது. திருத்தத்தைத் திரும்பத் திரும்பப் படித்தோம், பிழை தோன்றவில்லை. ஒருவர் தற்செயலாகக் ‘கல்லூரியில்’ என்று இட, விடைகள் மளமளவென்று கொட்டின. அப்பொழுதுதான் விடைகளின் படியைத் தன்பால் வைத்துக்கொள்ளும் வழக்கம் நினைவுக்கு வந்தது. பழுதான காலத்தில் ‘கல்லூரி’ என்று கேட்டதற்குக் கிடைத்த வெற்று விடையை நிரல் பத்திரமாக வைத்திருந்து, கேட்குந்தோறும் அதனையே எடுத்து நீட்டிற்று. தரவுத்தளத்தை அது அணுகவேயில்லை. சேமித்த படிகளை எல்லாம் அழித்தோம். வெற்று விடைகளை இனிச் சேமிக்கவேண்டா என்றும் விதித்தோம். திருத்தம் சரியாயிருந்தும், பயனில்லையென்று கருதி அதனைக் கலைத்துவிடும் இடம் இதுவே. ஒரு திருத்தம் செய்தவுடன் இதுவரை கேளாத புதிய சொல் ஒன்றைக் கொண்டு சோதித்தல் இதற்கு எளிய காப்பு.

இப்பொழுது ‘ஔவையார்’ என்று இட்டோம். அதற்கும் ‘இல்லை’ என்றே வந்தது. ஆனால் இம்முறை நாம் அஞ்சவில்லை. சொல்லைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்த்தோம். ‘வையார்’ என்று இட்டபோது வேறு சிலவற்றோடு நம் கட்டுரையும் வந்து நின்றது. ஆகவே குற்றம் முதலெழுத்தில். பதிவிலிருந்த சொல்லின் குறிகளை எண்களாக மாற்றிக் காட்டச் செய்தோம். நாம் இட்ட சொல்லின் முதலெழுத்து 2964, அது ஔகாரம். பதிவிலிருந்ததோ 2962, 2995 என்னும் இரண்டு: ஒகரமும், அதன்பின் தனி ளகரமும்! தட்டெழுதிய மாணவர் ‘ஒ’ என்பதையும் ‘ள’ என்பதையும் அடுத்தடுத்து அடித்து ‘ஒளவையார்’ என்று ஆக்கியிருக்கின்றார். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. மெய்ப்புத் திருத்தியவரும் கண்ணாற்றானே நோக்குவார்? பொறி கண்ணால் நோக்காது, எண்ணால் நோக்கும்.

இவ்வகைக் குழப்பங்களுட் சிலவற்றை யூனிகோடே தீர்த்து வைத்துள்ளது. ‘கொ’ என்பதை ககரம், ஒகரக் குறி என்று 2965, 3018 ஆகிய எண்களாலும் எழுதலாம். ககரம், எகரக் கொம்பு, கால் என்று 2965, 3014, 3006 ஆகிய எண்களாலும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்பது யூனிகோட்டின் விதி. சமநிலைப்படுத்தல் என்னும் சடங்கைச் செய்தால் இரண்டும் ஒருவடிவாகிவிடும். ஒகரத்தின்பின் ஔகாரத்துக்கென்றே வகுத்த நீட்டற்குறியாகிய 3031 வருமாயின் அதுவும் ஔகாரமாக மாறும். ஆனால் ளகரம் தனக்கென ஒலியுடைய வேறெழுத்தாதலின், ஒகரமும் ளகரமும் ஔகாரத்துக்குச் சமம் என்று எந்த விதியும் சொல்லாது, சொல்லவும் கூடாது. ‘ஒள’ என்பதையெல்லாம் ‘ஔ’ என்று கண்மூடி மாற்றினால், ‘ஒளி’ என்னும் சொல் என்னவாகும்? விளக்கே அணைந்துவிடும்! எகரக் கொம்பும் ளகரமும் அடுத்து வருதலும் இத்தகையதே. ‘கெளரவம்’ என்று தட்டியிருப்பதைக் ‘கௌரவம்’ என்று கொள்ளலாம். ‘தெளிவு’, ‘வெள்ளம்’ என்பவற்றைத் தொடலாகாது. ஆகவே, ளகரத்தின்பின் உயிர்க்குறியோ புள்ளியோ வாராத இடத்து மட்டும் ஔகாரமாகக் கொள்க என்று ஒரு விதி வகுத்தோம்.

அவ்விதியை மலரின் மூலபாடத்தின்மேற் செலுத்த எமக்கு மனம் வரவில்லை. நாளைக்கு விதியிற் பிழை காணப்படின் மூலம் கெட்டிருக்கும். ஆதலின் பதிவுதோறும், வாசகர் காணும் பாடத்தை உள்ளவாறே விட்டு, தேடுதற்கு மட்டும் உரிய மறைவான படியொன்றை ஆக்கி, சமநிலைப்படுத்தலையும் இந்த ஔகார விதியையும் அதன்மேற் செலுத்தினோம். பெட்டியில் இடப்படும் சொல்லுக்கும் அதே சடங்குகள் நிகழும். இருபுறமும் ஒரே துலாக்கோலால் நிறுக்கப்படுதலின், வாசகர் எவ்வாறு தட்டினும் ஒப்புமை கிட்டும். ‘அவ்வையார்’ என்று எழுதுவோர்க்காக ஒரு சிறு மாற்றுச் சொற்பட்டியலும் வைத்தோம். பெரிய பிழைகளைத் திருத்துவதைக் காட்டிலும் இத்தகைய சில்லறைகளே மிகுந்த நேரத்தை உண்டன. வடமொழி ஷகர ஸகரங்களுக்கு அயலே நிற்கும் ‘ஶ’ என்னும் எழுத்தை யூனிகோடு 2005-இல் சேர்த்துக்கொண்டபின், திரு என்னும் பொருளில் முன்னே இடப்படும் ‘ஸ்ரீ’ என்பதற்கும் இரண்டு எழுத்துமுறைகள் ஆகிவிட்டன. திரையில் வேற்றுமை தெரியாது. அதனையும் பட்டியலிற் சேர்த்தோம்.

‘ஔவையார்’ என்று இட்டால் கட்டுரை இப்பொழுது வந்தது. கடிதம் எழுதிய பெரியவர் இட்டதைப்போலவே முழுத் தலைப்பையும் இட்டுப் பார்ப்போம் என்று, ‘ஔவையாரும் சிறுவர் கல்வியும்’ என்று இட்டோம். இல்லை. இம்முறை குற்றம் எவரிடத்தும் இல்லை. தமிழிடத்தே உள்ளது என்றுதான் சொல்லல்வேண்டும். 1946-இல் அச்சிட்டவர்கள் சந்தி வழுவாது ‘ஔவையாருஞ் சிறுவர்’ என்று மகரத்தை ஞகரமாகத் திரித்து அச்சிட்டனர். இக்காலத்தவர் ‘ஔவையாரும் சிறுவர்’ என்றே எழுதுவர். மூன்று சொற்களும் ஒருங்கே இருந்தால்தான் விடை தருவேன் என்று கேள்வி கட்டளையிட்டிருந்தமையால், ஒரு சொல்லின் கடைசி எழுத்துத் திரிந்தமை மற்ற இரண்டையும் பயனற்றனவாக்கிற்று.

வேற்றுமை உருபுகளும் இவ்வாறே இடர் செய்யும். ‘கடல்’ என்று தேடுபவர்க்குக் ‘கடலில்’ என்பது அகப்படாது. தேடுசொல்லின் ஈற்றில் புள்ளி நிற்கின்றது, பாடத்திலோ அவ்விடத்தில் இகரக் குறி நிற்கின்றது. ஈற்றுப் புள்ளியை மட்டும் நீக்கித் தேடினால் ‘கடலில்’, ‘கடலோடு’ யாவும் வரும். ‘கடலை’ என்பதும் வரும். அது கடற்பொருளதோ, வறுத்துத் தின்னும் பொருளதோ என்று பொறிக்குத் தெரியாதாகையால், விடுதி உணவைப் பற்றிய பழைய நகைச்சுவைக் கட்டுரையொன்று கடற்பயணக் கட்டுரைகளின் நடுவே வந்து நிற்கின்றது. பொறுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். ‘மரம்’ போன்ற மகர ஈற்றுச் சொற்கள் ‘மரத்தை’ என்று திரிதலின், ஈற்று மகரத்தையே விடுதல் வேண்டும். விட்டால் ‘மரபு’ம் ‘மரண’மும் வந்து நெருக்கும். ஆகவே ஓர் ஒழுங்கு செய்தோம். முதலில் இட்ட சொல்லை இட்டவாறே தேடுக. ஒன்றும் கிடையாவிடின், ஈற்றெழுத்தைத் தளர்த்தி மீண்டும் தேடுக. அதுவும் கிடையாவிடின், எல்லாச் சொற்களும் வேண்டும் என்பதைத் தளர்த்தி, மிகுதியான சொற்கள் பொருந்துவனவற்றை முன்னே வைத்துத் தருக. எந்த அளவு தளர்த்தப்பட்டது என்பதைத் திரையில் வாசகர்க்குச் சொல்லிவிடுக. அந்த நேர்மை இன்றியமையாதது. பெரியவர் இட்ட சொற்கள் இரண்டாம் படியிலேயே விடை பெற்றன.

வேறிடங்களில் தேடல் வெறிதாவதற்குரிய காரணங்கள் இன்னும் உள. நம்மிடத்து நேராதனவாயினும் சுருக்கமாகச் சொல்லி வைப்போம். மை எஸ்.கியூ.எல். தரவுத்தளத்தின் முழுப்பாட அட்டவணையைப் பயன்படுத்துவோர், மிகக் குறுகிய சொற்களை அது அட்டவணையில் ஏற்காது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். இன்னோடிபி என்னும் வகையில் இயல்பான குறைந்த அளவு 3 குறிகள். மைஐசாம் என்னும் பழைய வகையில் 4. அளவை மாற்றினால் அட்டவணையைப் புதிதாகக் கட்டுதலும் வேண்டும். கட்டாதவர் மாற்றியும் பயன் காணார். அப்பழைய வகையின் இயல்புத் தேடலில், பாதிப் பதிவுகளிலேனும் வரும் சொல் பொதுச்சொல்லென்று தள்ளப்படும். ஆகவே ஒன்றிரண்டு பதிவுகளை மட்டும் இட்டுச் சோதிப்பவர்க்கு எதைக் கேட்டாலும் வெற்று விடையே வரும். தமிழை ஏற்காத எழுத்துத்தொகுதியில் அமைந்த பட்டியலில் தமிழைச் சேமித்தால், ஒவ்வோர் எழுத்தும் ஒரு கேள்விக்குறியாகிவிடும். அதனை மீட்க வழியில்லை, திரும்பத் தட்டுதலே வழி. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டிய பாடங்கள் உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே கிடப்பன; மேலே தமிழ்வடிவம் போர்த்திருக்கும். 1999-இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டின் பின்னும் குறியேற்றங்கள் பலவாகவே வழங்கின. தமிழ்நாட்டு அரசு யூனிகோடு முறையை ஏற்றது 2010-இல். அதற்கு முன் தட்டிவைத்த கோப்புகளை உடையோர் முதலில் மாற்றிப் பின்னரே தேடல்வேண்டும்.

பழுதெல்லாம் தீர்ந்தபின், வெற்று விடை பெற்ற கேள்விகளின் பட்டி ஒன்று நிரலுக்குள் தானே சேர்ந்துகொண்டிருந்ததைக் கண்டோம். அதனை எவரும் அதுவரை திறந்து பார்த்ததில்லை. விடுதி, நாடகம், பந்தாட்டம், ஆசிரியர் பெயர்கள், ஊர்ப்பெயர்கள் என்று எத்தனையோ பேர் எத்தனையோ நாட்களில் தேடியிருக்கின்றனர். ஒருவர் ‘விடுதி’ என்றும், பின் ‘மாணவர் விடுதி’ என்றும், பின் ‘பழைய விடுதி’ என்றும் மும்முறை கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் யாரென்று அறிய வழியில்லை; பெயரை நாம் சேமிப்பதில்லை, அது சரியே. மூன்றும் இன்று கேட்டால் விடை தரும். இப்பட்டியை இனி வாரந்தோறும் திறந்து படிப்பதென்று ஏற்பாடு செய்துள்ளோம்.

பெரியவருக்குக் கட்டுரையின் படத்தையும், தேடும் முறையையும் எழுதி அனுப்பினோம். பெட்டியின் பிழைக்கு எம் வருத்தத்தையும் தெரிவித்துக்கொண்டோம். அவர் தம் பேரர்களைக் கூட்டி உட்காரவைத்துக் கட்டுரையை உரக்கப் படித்ததாக மறுமொழி எழுதினார். அம்மறுமொழியிலேயே மற்றொரு கேள்வியும் இருந்தது: தந்தையார் 1948-இலும் ஒன்று எழுதினாராம், அதனையும் தேடித் தரலாகுமா என்றார்.

தேடினோம். பெட்டி இல்லை என்றது. கீழறைக்குச் சென்று பார்த்தபோது, 1947-க்கும் 1949-க்கும் நடுவே அலமாரியில் இடைவெளியே இருந்தது. அத்தொகுதி நம் நூல்நிலையத்தில் இல்லை. ஆதலின் தட்டப்படவும் இல்லை. அன்று தொடங்கி, வெற்று விடை வரும்போதெல்லாம் எவ்வெவ்வாண்டு மலர்கள் ஏற்றப்பட்டுள்ளன, எவை ஏற்றப்படவில்லை என்னும் குறிப்பு அதன்கீழே தோன்றுமாறு செய்துள்ளோம். 1948-ஆம் ஆண்டு மலரை வைத்திருக்கும் பழைய மாணவரேனும் அவர் குடும்பத்தாரேனும் இதனைப் படிப்பாராயின், நூல்நிலையத்தாருக்குத் தெரிவிக்குமாறு வேண்டுகின்றோம். படமெடுத்துக்கொண்டு, நூலைச் செப்பமாகக் கட்டித் திருப்பி அனுப்பிவிடுவோம்.